கோண்டாவில் ஒழுங்கையில் ஒரு கராஜ்

கோண்டாவிலில் பலாலி வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில், 1990களின் தொடக்கத்தில், ஒரு கராஜ் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில். முன்னால் இரண்டு வேம்பு. வேம்புகளுக்கு நடுவே, எஞ்சின் தூக்குவதற்காகக் குறுக்கே போட்ட ஒரு தண்டவாளத் துண்டு. யாழ்தேவி ரயில் நின்றுபோய், தண்டவாளங்களையும் சிலிப்பர்க் கட்டைகளையும் சனங்கள் பதுங்குகுழிகளுக்குக் கழற்றிக்கொண்டு போன காலம் அது. சுற்றிவர வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண். கொட்டிலுக்குள் மட்டும் நிலம் கறுப்பு. பல வருஷத்து எஞ்சின் எண்ணெயைக் குடித்து இறுகிப்போன மண், வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

அதை நடத்தியவரை நாங்கள் கராஜ் மாமா என்போம். பஸ் டிப்போவில் தொழில் பழகியவர். மடித்துக் கட்டிய சாரம், காதில் ஒரு பென்சில், பால்மா ரின்களில் பிரித்துப் போட்ட ஆணிகள், வாசர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை வீட்டில் எறிந்துவிட்டு ஒழுங்கைப் பெடியங்கள் எல்லோரும் அங்கேதான் போவோம். மின்சாரமில்லை, தொலைக்காட்சியில்லை. அதனால்தான் போனோம் என்று சொன்னால் அது பாதி உண்மை. அங்கே எதையும் மறைக்காமல் திறந்து காட்டினார்கள். எதை எடுத்தாலும் “ஏன்” என்று கேட்கலாம். கேட்டால் பதில் வரும். வகுப்பில் அப்படி நடக்கவில்லை.

அந்தக் கராஜுக்கு ஒரு சட்டம் இருந்தது. எதைக் கழற்றினாலும் ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து, கழற்றிய ஒழுங்கில் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். பூட்டும்போது வலமிருந்து இடமாக வர வேண்டும். சாக்கைத் தாண்டி ஒருவரும் நடக்கக் கூடாது. ஒரு சின்னச் சுருள் கம்பி தவறினாலும் அதற்குப் பதில் எடுக்க வழியில்லாத ஊரில் அந்தச் சட்டத்தின் அருமை எங்களுக்குச் சொல்லாமலே விளங்கியது.

கொட்டிலுக்கு வந்தவை பெரும்பாலும் இங்கிலாந்துக் கார்கள். ஒஸ்ரின் ஏ40 சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்பேட், எல்லாவற்றையும்விட மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்து 1971 வரை தயாரிப்பில் இருந்தது. பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான். சுதந்திரத்துக்குப் பின்னான வருஷங்களில் இலங்கைக்கு வந்திறங்கிய இந்தக் கார்கள், 60களிலும் 70களிலும் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியபோது, மாற்றீடின்றி இங்கேயே தங்கிவிட்டன. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தும், யாழ்ப்பாணம் தன் பழைய கார்களைக் கைவிடவில்லை. ஆகவே பழசைத் திருத்தி ஓட்டும் பழக்கம் யுத்தத்துக்கு முந்தியது. யுத்தம் வந்தபோது அந்தப் பழக்கம்தான் ஊரைத் தாங்கியது.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று தடைப்பட்டியல் நீண்டது. ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரிகூடக் கிடையாது. தேய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ரேடியோ கேட்டோம். அதுவும் முடிந்தபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் செய்தி கேட்டோம்.

கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்பச் சிரமப்படுவார்கள். எங்கள் தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் பம்ப் மிசின்களை அவர்கள் முன்னமே பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓட்டி வந்தார்கள். இங்கிலாந்திலும் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய ஓர் எரிபொருளில், இதே முறையில் ஓடியிருக்கின்றன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயில் பொறி விழுந்தும் பயனில்லை. ஆகவே காபரேற்றரின் வாயில் சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சூடேறும் மட்டும் இன்னும் கொஞ்சம் சொட்ட வேண்டும். பிறகு தாங்கியில் இருக்கும் மண்ணெண்ணெயை எஞ்சின் தானாக ஏற்றுக்கொள்ளும். இந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் இது நடந்தது. அன்று யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சாரதியின் காலடியிலும் ஒரு மருந்துப் போத்தல் பெற்றோல் இருக்கும். வீதி முழுக்க வெள்ளைப் புகை. துணி, தலைமயிர், சாப்பாடு எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் மணம்.

மண்ணெண்ணெய் ஓட்டத்தின் பாரம் முழுவதும் விழுந்தது எரிபற்றும் அமைப்பின் மேல். பிளக் முனைகள் இரண்டு நாளில் கரி பிடித்துக் கறுத்துவிடும். பொறி கொஞ்சம் வலு குறைந்தாலும் எஞ்சின் இருமும், நிற்கும். கராஜ் மாமா திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: “நல்ல எண்ணெய்க்கு நொந்த பொறியும் காணும். நொந்த எண்ணெய்க்கு நல்ல பொறி வேணும்.” அதனால் அந்தக் கொட்டிலில் நடந்த வேலையில் பெரும்பங்கு பொறியைப் பற்றியது. டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பொயின்ற் இரண்டும் தொட்டுப் பிரியும் இடத்தைச் சின்ன அரத்தால் ஒரு இழுவை இழுத்துத் தட்டையாக்குவார். ஃபீலர் கேஜின் 15 தௌ தகட்டை இடையில் விட்டுப் பார்ப்பார். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ. தகடு இறுக்கமாகவும் போகக் கூடாது, தளர்வாகவும் போகக் கூடாது. எங்கள் கையில் தகட்டைத் தந்து, “உரசுறது தெரியுதோ?” என்று கேட்பார். தெரிந்தால்தான் அடுத்த வேலை.

கொண்டென்சர் பழுதானால் பொயின்ற் கருகும், பொறி மங்கும். புதிது வராது. பழைய வானொலிப் பெட்டிகளின் உள்ளிருந்து கிட்டத்தட்ட அதே அளவுள்ள கொள்ளளவிகளைத் தேடி எடுத்து, தகரத்தில் ஒரு பிடி செய்து டிஸ்ரிபியூட்டரோடு பூட்டுவார். மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டும் என்பதால் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் அதற்கென்றே ஒரு சின்னத் திருகு, முன்னுக்கு ஏ, பின்னுக்கு ஆர் என்று இரண்டு எழுத்துகளோடு இருக்கும். அந்தத் திருகைச் சுற்றிவிட்டு, பொயின்ற் பிரியும் கணத்தில் ஒரு சின்ன பல்பு எரிகிறதா என்று பார்த்து நேரம் வைப்பார். பத்து வயதுப் பெடியங்கள் நாலு சிலிண்டரின் ஒழுங்கை 1, 3, 4, 2 என்று வாய்ப்பாடுபோல் சொன்னோம்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு மைனர் 1000 இருந்தது. ஹயருக்கு ஓடினார். இரவில் பிள்ளைப்பேற்றுக்கோ பாம்புக்கடிக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஒழுங்கைக்காரர் அவரது படலையைத்தான் தட்டுவார்கள். அந்தக் காருக்குள் ஏறினால் முன்தட்டின் நடுவில் பெரிய வட்ட வேகமானி. அதற்குக் கீழே திறப்பு போடும் இடம். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பாது. திருப்பியதும் முதலில் சிவப்பு லைற் பற்றும், முன்பக்கத்தில் எஸ்.யு. பெற்றோல் பம்ப் டக் டக் என்று நாலைந்து தரம் அடித்து ஓயும். அதற்குப் பிறகுதான் ஸ்ராட்டர் பிடியை இழுக்க வேண்டும். திறப்பு மின்சாரத்தைத் திறக்கும், இழுவைப் பிடி ஸ்ராட்டரைச் சுற்றும். இரண்டும் வெவ்வேறு. 1964க்குப் பிந்திய மைனர்களில்தான் இரண்டையும் ஒரே திறப்பில் சேர்த்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் திறப்பு கெட்டது. முதலில் திருப்பிக் கொஞ்சம் ஆட்டினால் பிடிக்கும். பிறகு ஆட்டியும் பிடிக்கவில்லை. ஒரு நாள் திறப்பு சும்மா சுற்றியது. காரைத் தள்ளிக்கொண்டுதான் கொட்டிலுக்குப் போனோம்.

கராஜ் மாமா பொனற்றைத் திறக்கவில்லை. சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் குந்தினார்.

“அண்ணை, திறப்பைப் போடுங்கோ.”

பெரியப்பா போட்டார்.

“இப்ப என்ன கேக்குது?” இந்தக் கேள்வி எங்களுக்கு.

“ஒண்டும் கேக்கேல்லை மாமா.”

“பம்ப் அடிக்கேல்லை. சிவப்பு லைற்றும் பத்தேல்லை. ரெண்டுக்கும் ஒரே வெள்ளை வயராலதான் கறண்ட் வாறது. ஹெட்லைற் எரியுதோ?”

எரிந்தது.

“அப்ப பற்றரி சரி. எங்க தேடோணும்?”

இந்த இங்கிலாந்துக் கார்களின் வயர்கள் ஓர் ஒழுங்கான நிறக் கணக்கில் ஓடின. பற்றரியிலிருந்து நேரே வருவது பழுப்பு. திறப்புக்குப் பிறகு வருவது வெள்ளை. அதிலிருந்து பியூஸ் தாண்டிப் போவது பச்சை. உடலோடு சேர்வது கறுப்பு. துணி சுற்றிய வயர்களில் நிறம் மங்கியிருந்தாலும், ஒரு முனையைப் பிரித்து உள்ளே பார்த்தால் தெரியும். பற்றரியின் நேர்முனைதான் உடலோடு கட்டியிருக்கும் என்பதையும், பற்றரியை மாறிக் கட்டிவிடக் கூடாது என்பதையும் அவர் எங்களுக்கு முதல் பாடமாகவே சொல்லியிருந்தார். அன்று அவர் கையில் எடுத்தது ஒரு பல்பு, இரண்டு துண்டு வயர். பல்பின் ஒரு வயரைக் கதவுப் பிணைச்சலில் கவ்விவிட்டு, மற்றதைத் திறப்பின் பின்னால் இருந்த பழுப்பு முனையில் வைத்தார். எரிந்தது. வெள்ளை முனையில் வைத்தார். எரியவில்லை. இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். பம்ப் அடித்தது. சிவப்பு லைற் பற்றியது. ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல், ஓர் ஆணி கழற்றாமல், பழுது இருந்த இடம் ஒரு விரற்கடை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நின்ற ஒருவர், “ரெண்டு வயரையும் முறுக்கி விட்டால் முடிஞ்சுதே” என்றார். ஊரில் பல கார்கள் அப்போது அப்படித்தான் ஓடின. சிலர் வீட்டு லைற் சுவிற்சைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள். கராஜ் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் ஓடாதபோது, பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலுக்குள் மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், பொயின்ற் மூடியிருக்கும் நிலையில், கொயில் சூடேறிக் கெடும், பற்றரி இறங்கும். அந்த நாளில் ஒரு பற்றரி போனால் கார் போன மாதிரி. “பிள்ளையள் ஏறி விளையாடுற கார். திறப்பில்லாமல் ஒருத்தரும் போடக் கூடாது” என்றார். நீண்ட ஓட்டம் ஓடி வந்த எந்தக் காரையும் நிறுத்தியதும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தாய் தொடுவதுபோல், அவர் முதலில் கொயிலைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

பற்றரி வயரைக் கழற்றிய பிறகு சுவிற்சைப் பிடித்திருந்த முன்வளையத்தைத் திருகி எடுத்தார். சுவிற்ச் பின்பக்கமாகக் கையோடு வந்தது. வெள்ளைச் சாக்கு விரிந்தது. பின்தகட்டை மடித்துப் பிடித்திருந்த விளிம்புகளைக் கத்திமுனையால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். “இரும்பு ஒருக்கா மடியும், ரெண்டாந்தரம் நிமிரும், மூண்டாந்தரம் ஒடியும்” என்று சொல்லிக்கொண்டே செய்தார். உள்ளே ஒரு பேக்லைற் வட்டு. அதன் மேல் இரண்டு முனைகளையும் சேர்த்து மூடும் பித்தளைத் துண்டு. அதைக் கீழே அழுத்தும் சுருள். பூட்டின் உருளையில் திறப்பின் வெட்டுக்கேற்ப ஏறி இறங்கும் மெல்லிய தகடுகள். பித்தளை பொறி தின்று தின்று ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. சுருள் சூட்டில் துவண்டு தன் விசையை இழந்திருந்தது. வட்டில் ஒரு கரித்தழும்பு. உருளையோடு வட்டைக் கோக்கும் முள் ஒடிந்திருந்தது. திறப்பு சும்மா சுற்றியதற்குக் காரணம் அந்த முள்.

அவர் எழுந்து கொட்டில் சுவரில் இருந்த ஒரு 15 அம்பியர் பிளக் பொயின்ற்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். மின்சாரம் வராத ஊரில் அது சும்மா கிடந்தது. அதன் உள்ளேயிருந்து நல்ல கனமான பித்தளை கிடைத்தது. ஒரு பழைய ரோச் லைற்றின் அடிமூடியைத் திறந்து சுருளை எடுத்தார். பற்றரி இல்லாத ஊரில் ரோச் லைற்றும் சும்மாதானே கிடந்தது. தடை முடக்கிப் போட்ட இரண்டு பொருட்களிலிருந்தும் அந்தத் திறப்புக்கு உயிர் வந்தது.

பித்தளையைக் குறட்டில் பிடித்து, தேய்ந்த பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அராவினார். வேலையில் அவசரமே இல்லை. அராவுவார், பொருத்திப் பார்ப்பார், மறுபடி அராவுவார். தொடும் முகத்தை மட்டும் நிலைக்கண்ணாடியின் மேல் தேய்த்து மட்டம் பார்த்தார். ஒளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழ வேண்டும், ஒரு மூலையில் மட்டும் தொட்டால் அந்த மூலை மறுபடி எரிந்துபோகும் என்று விளக்கினார். இந்த சுவிற்சின் ஊடாகக் கொயிலுக்குப் போவது நாலு அம்பியர் அளவு மின்சாரம்தான். ஸ்ராட்டர் இழுக்கும் பெரிய மின்சாரம் இதன் வழியாகப் போவதில்லை. அதனால்தான் கையால் அராவிய ஒரு பித்தளைத் துண்டு இதற்குப் போதும் என்ற கணக்கையும் சொன்னார். ஒடிந்த முள்ளுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் கம்பியின் நுனியை வெட்டிக் கோத்தார். பேக்லைற்றின் கரித்தழும்பைச் சுரண்டித் துப்புரவாக்கினார். கரி மின்சாரத்தைக் கடத்தும், விட்டுவைத்தால் திறப்பை மூடிய பிறகும் மின்சாரம் கசியும்.

பூட்டுத் தகடுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தார். எண்ணெய் போடவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் கரியைச் சுரண்டித் தூளாக்கி, ஒரு கடதாசி மடிப்பில் வைத்து உருளைக்குள் ஊதினார். எண்ணெய் புழுதியைப் பிடிக்கும், காரீயத் தூள் பிடிக்காது. திறப்பைப் போட்டுப் பெரியப்பாவிடம் தராமல் எங்களில் சின்னவனிடம் கொடுத்துத் திருப்பச் சொன்னார். மெதுவாக, ஒரு தெளிவான தட்டோடு திரும்பியது. காரில் பூட்டிய பிறகு பம்ப் டக் டக் என்று அடித்தபோது, நின்ற பெரியவர்களும் கைதட்டினார்கள்.

எஞ்சினைக் கிளப்பும் வேலை மிச்சம். பற்றரியை மிச்சம் பிடிக்க, ஸ்ராட்டரை இழுக்காமல் முன்பக்கத்தால் கைபிடியை விட்டுச் சுற்றுவதுதான் அன்றைய வழக்கம். அதற்கும் ஒரு முறை உண்டு. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். கைபிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது பெருவிரல் முறியும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. காபரேற்றரில் பெற்றோல் சொட்டு விழுந்தது. பெரியப்பா ஒரு இழுவை இழுத்தார். மைனர் கிளம்பியது.

அந்தக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பதுங்குகுழி இருந்தது. ஹெலியோ குண்டுவீச்சு விமானமோ வரும் சத்தம் கேட்டால் ஸ்பேனரை மட்காட்டில் வைத்துவிட்டு எல்லோரும் இறங்குவோம். வைத்தியர், சைக்கிள் கடைக்காரர், ஐயர், மீன் வியாபாரி, பெடியங்கள் எல்லோரும் ஒரே குழியில். உள்ளே இருந்தும் கதை தொடரும். பிளக் ஏன் கறுக்கிறது, எஞ்சின் எண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்தால் என்ன செய்வது என்ற கதைதான். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடங்கும். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் செய்து முடிக்க ஒரு வேலையும், அது சரிவரும் என்ற நம்பிக்கையும் மனிதரை எப்படி நிமிர்த்தி வைக்கின்றன என்பதை நான் கண்டது அங்கேதான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் சைக்கிளும் வண்டியும் காரும் தோளோடு தோள் உரசி நின்றன. பெரியப்பாவின் மைனரில் அப்பாச்சி, அயலட்டையில் நடக்க முடியாத இரண்டு முதியவர்கள், ஒரு கைக்குழந்தையோடு தாய். வாகனம் இரண்டடி நகரும், நிற்கும். இருந்த மண்ணெண்ணெயைக் காப்பாற்ற, நிற்கும் ஒவ்வொரு தரமும் பெரியப்பா திறப்பை மூடினார், நகரும் ஒவ்வொரு தரமும் திறந்தார். விடியும் மட்டும் அந்தத் திறப்பு திரும்பிக்கொண்டேயிருந்தது. பிளக் பொயின்ற்றின் பித்தளையும் ரோச் லைற்றின் சுருளும் ஒரு தரமும் கைவிடவில்லை. அவர்கள் எல்லோரும் பாலத்தைத் தாண்டினார்கள். “வயரை முறுக்கி விடுவம்” என்ற சொல்லுக்கு அன்று இணங்கியிருந்தால், ஒவ்வொரு தரமும் கொட்டும் மழையில் இருட்டில் வயர் பிரித்து வயர் சேர்க்க வேண்டி வந்திருக்கும்.

அடுத்த வருஷம் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். கொட்டிலின் கூரை இல்லை. வேம்புகளும் தண்டவாளமும் நின்றன. கராஜ் மாமா ஒரு பெட்டி வேலைக் கருவிகளைத் தென்மராட்சிக்கும் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்திருந்தார். மறுபடி கிடுகு வேய்ந்து வேலை தொடங்கினார். 2002இல் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது, உதிரிப்பாகம் வந்தது, புது வாகனங்கள் வந்தன. 2014இல் யாழ்தேவியும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. இப்போது அந்த ஒழுங்கையில் கராஜ் இல்லை, மதில் கட்டிய வீடுகள் இருக்கின்றன.

இன்றைய காரின் திறப்புக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. காரின் கணினி அந்தச் சில்லை அடையாளம் கண்டால்தான் பொறியும் எரிபொருளும் கிடைக்கும். களவைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. புகையும் குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. மண்ணெண்ணெய்ப் புகைக்குள் வளர்ந்த நான் அந்தப் புகை திரும்ப வேண்டுமென்று ஒருநாளும் விரும்ப மாட்டேன். தடை கெட்டது, யுத்தம் கெட்டது. அவை வாராதிருக்கட்டும். நான் இழப்பென்று சொல்வது வேறொன்றை. ஒரு பழுதை ஒரு பல்பையும் இரண்டு வயரையும் கொண்டு, “எது சரி, எது பிழை” என்று படிப்படியாக ஒடுக்கிக் கண்டுபிடிக்கும் அந்த நிதானமான சிந்தனை, ஒழுங்கைப் பெடியங்களுக்குச் சாதாரணமாகக் கிடைத்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது. கணினி பொருத்திய காரிலும் பழுது பழுதுதான். கண்டுபிடிக்கும் முறையும் அதே முறைதான். அந்த முறையை ஒரு பிள்ளை கண்ணால் காணும் இடம்தான் இல்லாமல் போனது.

யாழ்ப்பாணம் தன் கல்வியைப் பற்றி நிறையப் பேசும். பள்ளிக்கூடங்களின் வரலாறு எழுதியிருக்கிறோம். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தில் 97 ஆயிரம் நூல்கள் இருந்தன என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அது சொல்லப்பட வேண்டிய கணக்கு. அதே மரியாதையோடு இன்னொரு கணக்கும் எழுதப்பட வேண்டும். ஐந்து வருஷத் தடைக்குள் ஒரு நகரத்தின் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும், ஆசிரியர்களைப் பள்ளிக்கும், விளைச்சலைச் சந்தைக்கும் கொண்டுசேர்த்த அறிவு எங்கே இருந்தது? எண்ணெய் குடித்த மண்ணில், கிடுகுக் கொட்டில்களில் இருந்தது. அது இயற்பியல், வேதியியல், கைத்திறன் மூன்றும் சேர்ந்த உயர்ந்த கல்வி. பட்டம் கொடுக்காத காரணத்தால் அதைக் கல்வி என்று ஏற்க நாம் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் போக வேண்டும்.

அதே 90களில் நாட்டின் தெற்கில் மொறிஸ் மைனரின் உடற்பாகங்களைக் கையால் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே அந்தத் திறமை தொழிலாகி, பெயரும் பெற்றது. வடக்கில் அதே காருக்கு உயிர் கொடுத்தவர்களின் பெயர்கள் ஒரு பதிவிலும் ஏறாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தத் தலைமுறை மெக்கானிக்மாரில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஏ40களும் மைனர்களும் கலியாண வீட்டு அலங்காரக் கார்களாகவாவது எஞ்சியிருக்கின்றன. அவற்றை எந்த எண்ணெயில், என்ன தந்திரத்தில் ஓடவைத்தார்கள் என்ற அறிவு, சொல்லக் கேட்பார் இல்லாமல், ஒவ்வொரு மரணவீட்டோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு பின்னேரம் அவரிடம் போங்கள். மண்ணெண்ணெயில் நேரம் எப்படி வைத்தீர்கள், கொண்டென்சருக்கு என்ன போட்டீர்கள், திறப்பு உடைந்தால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கைபேசியில் குரலைப் பதியுங்கள். அவர் கையால் செய்த பாகம் ஏதாவது மிச்சமிருந்தால் படம் எடுங்கள், அளவு குறியுங்கள். “நூலகம்” என்ற பெயரில் இயங்குவது போன்ற எண்ணிம ஆவணகங்கள் நம்மிடம் இருக்கின்றன, அவற்றிடம் சேருங்கள். பள்ளிக்கூடங்கள் தங்கள் விஞ்ஞான அறைக்கு ஒரு பழைய டிஸ்ரிபியூட்டரையும் ஒரு கொயிலையும் எடுத்து வையுங்கள். அதைத் திறந்து காட்ட அந்த மெக்கானிக்கையே ஒரு நாள் ஆசிரியராக அழையுங்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்துவதைவிட, பிள்ளைகள் சுற்றி நின்று “ஏன்” என்று கேட்பதுதான் அவருக்குப் பிடிக்கும்.